மரத்துக்கு ஒன்று

கெடாவில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிறு காலை அரசாங்க அலுவலகம், வங்கி எல்லாம் திறந்துவிடும். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு, "ஞாயித்துக்கிழமையில என்னய்யா இவ்வளவு ஜாம்" என்று காடிக்குள் உட்கார்ந்து அலுத்துக்கொள்வார்கள். நான் போனதே அந்த ஞாயிறைப் பார்க்கத்தான். அதுவும் கிறிஸ்துமசுக்கு முந்திய ஞாயிறு, திருவருகைக் காலத்தின் நான்காம் வாரம். வாரத்தில் ஒரு நாள் கைவேலையை வைத்துவிட்டுக் கடவுள் முன்னால் சும்மா இரு என்று கட்டளை வாங்கிய சமயத்தார், அந்த ஒரு நாளும் வேலை நாளாகிப்போன மாநிலத்தில், பண்டிகைக் கூச்சலும் சேர்ந்துகொள்ளும் மாதத்தில், அமைதியை எங்கே போய்ப் பிடிக்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி.

கே.எல். சென்ட்ரலில் ஏறிய இ.டி.எஸ். ரயிலில் ஒரு இருக்கை காலியில்லை. ஊருக்குப் போகும் பிள்ளைகள், முறுக்கு டின், பரிசுப் பைகள், மடியில் ஏறி மிதிக்கும் குழந்தைகள். ஈப்போவைத் தாண்டி வடக்கே போகப் போக வயல்கள் விரிகின்றன. பிறகு செம்பனை, நடுவே எப்போதாவது கித்தாக் காடு. சுங்கை பட்டாணியில் இறங்கும்போது உச்சி வெயில். தெற்கே எங்கள் பக்கம் தினமும் சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கெடாவிலோ டிசம்பரில் வானம் வெளுத்துவிடுகிறது. வடக்கே ஜெராய் மலை, 1,217 மீட்டர், ஒரு துண்டு மேகமும் இல்லாமல் நின்றது.

ஊர்க்காரர்களுக்கு இது எஸ்.பி. நடுவில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக 1936-இல் கட்டிய மணிக்கூண்டு. அதைச் சுற்றிக் கடைகளும் மோட்டார்களும். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இங்கே இறங்கியதும் நேராக மெர்போக்குக்குப் போய் புஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளைப் பார்ப்பார்கள், 1025-இல் கடாரம் கொண்ட ராஜேந்திரனை நினைத்து மார்பை விரிப்பார்கள். அது அவர்களுடைய கெடா. பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, லோரியில் ஏற்றப்பட்டு வந்து சேர்ந்த கெடா வேறு. என் வேலை அந்தக் கெடாவில்.

பேரங்காடி ஒன்றில் மூன்று மாடி உயரத்துக்குப் பிளாஸ்டிக் மரம். பஞ்சுப் பனி. ஒலிபெருக்கியில் ஆங்கிலப் பாட்டு நிற்காமல் ஓடியது. மரத்தடியில் முக்காடு போட்ட மலாய்ப் பெண்களும் சீனக் குடும்பங்களும் நம்மவர்களும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கெடாவில் கிறிஸ்தவர்கள் நூற்றில் ஒருவர்கூடத் தேறமாட்டார்கள்; ஆனாலும் பண்டிகை எல்லோருக்கும் வருகிறது, தள்ளுபடி வடிவத்தில். இதைக் குறையென்று சொல்லமாட்டேன். நம் தீபாவளிக்கும் இதே கடையில் இதே கூட்டம்தான், பாட்டு மட்டும் மாறும்.

சாயங்காலம் தமிழ்த் திருப்பலி. காலையில் வைத்தால் ஆள் வராது. கோயில் வாசலில் நின்று பார்த்தேன்: பள்ளி ஆசிரியை, மருத்துவமனை உதவியாளர், ஆலைச் சீருடையோடு அப்படியே வந்தவர்கள், சபா சரவாக்கிலிருந்து வேலைக்கு வந்து தமிழ் புரியாமலே பின்வரிசையில் முழங்கால் போடும் இளைஞர்கள். பூசை முடிந்ததும் அறிவிப்பு. கேரலிங் குழு எந்தத் தாமானுக்கு எந்த இரவு, குடில் போட்டிக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள், பரிசுப் பரிமாற்றத்துக்கு எத்தனை வெள்ளிக்குள் பொருள், பங்கின் திறந்த இல்ல உபசரிப்புக்கு யார் யார் எந்தக் கறி. மறையுரையைவிட நீளம்.

பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை. 1996-இல் திறந்த அந்தத் தொழிற்பேட்டைதான் இன்று இந்த வட்டாரத்து வீடுகளில் பாதியின் அடுப்பை எரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேலை என்பது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் ஒண்ணுதாண்ணே. சிப்ட்டு மாறுனாத்தான் நாள் மாறும். இன்னைக்கு ஓப் கெடைச்சதே பெருசு."

"அப்ப எப்ப உக்காந்து செபம் பண்ணுவீங்க?"

"பஸ்லதான். கம்பெனி பஸ்ல எல்லாரும் தூங்கிருவாங்க. அந்த முக்கால் மணி நேரம் எனக்கு."

அவருக்கு அதில் எந்தப் பெருமையும் இல்லை, குறையும் இல்லை.

வீடுதான் கெடாக் கிறிஸ்தவர்களின் நிஜக் கோயில் என்று ஒரு பெரியவர் சொன்னார். அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1976-இல் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கக் குருக்கள் பினாங்கில் ஒரு மாதம் கூடிப் பேசினார்கள். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அடிப்படைக் கிறிஸ்தவ சமூகங்களுக்கு அந்தக் கூட்டம் முதலிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அன்பியம் என்போம். ஞாயிறு கைநழுவிய இடத்தில் புதன் இரவோ வியாழன் இரவோ ஒரு வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்து உட்கார இது வழி செய்தது. ஆனால் டிசம்பரில் அந்தக் கூட்டங்களும் கேரலிங் ஒத்திகையாக மாறிவிடுகின்றன.

அன்றிரவு ஒரு குழுவோடு வேனில் போனேன். ஏழெட்டு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பாட்டு, ஒரு செபம், கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்ட பையன் மிட்டாய் வீசுவான், பிறகு சாப்பாடு. மூன்றாவது வீட்டிலேயே எனக்கு வயிறு நிரம்பிவிட்டது. குழுவிலிருந்த இளசுகள் கடைசி வீடு வரை அசரவில்லை. வேன் ஓட்டியவர் முருக பக்தர், பழனியாண்டவர் படத்துக்குக் கீழே அன்றைய முகவரிப் பட்டியலை ஒட்டியிருந்தார். கிதாரை எங்கே வைத்தோம் என்ற தகராறு, ஒலிபெருக்கியைக் குறை என்று ஒரு வீட்டு அங்கிளின் அதட்டல், கூட்டு என்று பிள்ளைகளின் முணுமுணுப்பு. சந்தோஷமான இரவு. அமைதி என்ற சொல் எல்லாப் பாட்டிலும் வந்தது.

மறுநாள் அலோர்ஸ்டார் போய் அங்கிருந்து கோலா கெடா. ஆற்று முகத்துவாரத்தில் பழைய கோட்டை, எதிரே லங்காவிப் படகுத்துறை, விடுமுறைக் கூட்டம் பெட்டி பெட்டியாக ஏறிக்கொண்டிருந்தது. கிறிஸ்தவம் இந்த மண்ணுக்குக் கித்தாவோடு வந்தது என்றுதான் தோட்டத்துப் பிள்ளைகள் நினைக்கிறோம். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, சயாமிலிருந்து தப்பி வந்த போர்த்துகீசிய வம்சாவளிக் கத்தோலிக்கர்கள் இந்தக் கோலா கெடாவில் கர்னோ என்ற பிரெஞ்சு ஆயரின் கீழ் இருந்தார்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியதும் ஆயரும் மக்களும் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். அகதியாக வந்து, வேறிடம் கிடைத்ததும் போனவர்கள். கோட்டைச் சுவரோரம் நடந்தபோது அவர்களுடைய தடம் ஏதும் எனக்குத் தட்டுப்படவில்லை. தூண்டில் போட்டிருந்த இரண்டு பேர் மட்டும், மீனைவிட என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

அமைதிக்கென்றே ஒரு இடம் வேண்டுமானால் இந்த வட்டாரத்தார் கைகாட்டுவது புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலத்தை. அது பினாங்கு மாநிலத்தில் இருக்கிறது, ஆனால் கூலிமிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். ஜூலை 26 திருவிழாவுக்குத் தோட்டம் தோட்டமாக லோரி கட்டிப் போன இடம். 1888-இல் கட்டிய பழைய கோயில் மலாயா அவசரகாலத்தில் போக்குவரத்து தடைப்பட்டுப் பாழடைந்து கிடந்து, பிறகு மீண்டது. கீழே 2002-இல் மினாங்கபாவ் பாணிக் கூரையோடு பெரிய கோயில் எழுந்தது. 2019-இல் பசிலிக்கா பட்டம். ஜூலையில் கால் வைக்க இடமிருக்காது. டிசம்பரில் ஒரு திங்கள் பிற்பகலில் போனால் யாருமில்லை. பழைய கோயிலின் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. அந்த ஒரு மணி நேரமும் என் மனம் திரும்பும் டிக்கெட், எழுத வேண்டிய கட்டுரை, பதில் போடாத குறுஞ்செய்தி என்று சந்தைக்கடையாகவே இருந்தது. வெளியில் சத்தம் நின்றால் உள்ளே நிற்கும் என்பது கட்டாயமில்லை போலிருக்கிறது.

இனி பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். என் நண்பனின் பெரியம்மா, எனக்கும் பெரியம்மாதான். வயது எழுபதை நெருங்குகிறது. பாடாங் செராய்க்கும் கூலிமுக்கும் நடுவே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அந்தப் பக்கம் விக்டோரியா, ஹென்ரியட்டா என்று சீமைப் பெண்பெயர் தாங்கிய தோட்டங்கள். இன்னும் தள்ளி டப்ளின், ஹார்வார்ட், ஸ்கார்புரோ. பெயரைக் கேட்டால் உலகப் படம் மாதிரி இருக்கும், உள்ளே ஒரே மாதிரி லயத்து வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு கள்ளுக்கடை, ஒரு தமிழ்ப் பள்ளி, சில தோட்டங்களில் ஒரு சின்ன வேதக் கோயில். இவருடைய தோட்டம் கைமாறி, கித்தா செம்பனையாகி, செம்பனையில் ஒரு பகுதி தாமானாகிவிட்டது. லயத்தைக் காலி செய்தபோது கிடைத்த தொகையில் ஒரு தரை வீடு வாங்கினார். ஓய்வெடுத்தாரா என்றால் இல்லை. பக்கத்தில் சீனத் தவுக்கே ஒருவருடைய மூன்று ஏக்கர் கித்தாவைப் பாதிக்குப் பாதி பங்கில் வெட்டுகிறார்.

கிறிஸ்துமசுக்கு முதல்நாள் விடிகாலை நாலரைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தலையில் விளக்கு, காலில் பூட்ஸ், இடுப்பில் ஒரு தகர டப்பாவுக்குள் புகையும் கொசுவத்தி. முதல் மரத்தில் விளக்கொளி விழுந்ததும் வேலை தொடங்கியது. வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துப் பைக்குள் போட்டார். உளியைக் கோட்டின் மேல்முனையில் வைத்து, உடம்பையே மெல்லப் பின்னால் நகர்த்தி, இடமிருந்து வலமாகச் சரிவாக இழுத்துக்கொண்டே வந்தார். சுருள் சுருளாகப் பட்டை விழுந்தது, ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கலாம். கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. கோடு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் முளைத்து, ஒன்றுசேர்ந்து, தகரத் தகட்டின் வழியாக மங்கில் சொட்டத் தொடங்குவதற்குள் அவர் அடுத்த மரத்தில் இருந்தார்.

ஏன் இந்த நேரம் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரவுக் குளிரில் மரத்துக்குள் நீரழுத்தம் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியேற்ற ஆரம்பித்தால் அழுத்தம் இறங்கி, பால் ஓட்டம் குறையும். ஆகவே மரம் சொல்கிற நேரத்துக்கு மனிதர் எழ வேண்டும். ஒரே மரத்தைத் தினமும் வெட்டுவதில்லை. இன்று ஒரு பாதிக் காடு, நாளை மறு பாதி. மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு. வெட்டுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

பத்துப் பதினைந்து மரம் போனபிறகுதான் கவனித்தேன், அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. உளி கோட்டில் இறங்கும்போது ஒரு பாதி, அடுத்த மரத்துக்கு நடக்கும்போது மறுபாதி. மங்கள வார்த்தை செபம். மரத்துக்கு ஒன்று.

வெளிச்சம் வந்ததும் கேட்டேன். "எங்கம்மா சொல்லிக் குடுத்தது" என்றார். அப்போது பாதர் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. மற்ற நேரமெல்லாம் உபதேசியார்தான் கோயிலைத் திறந்து செபம் சொல்லிக் கொடுப்பார். அவரும் காலையில் மரம் வெட்டுகிறவர். குடும்பச் செபமாலை சொல்ல ராத்திரியில் நேரமில்லை என்று பெண்கள் முறையிட்டார்கள். நிரையில் இருக்கிற மரத்தையே மணியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். தோட்டத்தில் ஆளுக்கு ஐந்நூறு மரம். ஐம்பது மணிக்கு ஒரு செபமாலை என்றால் விடியும் முன் பத்து செபமாலை. நான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் ஐந்நூறு மரம் என்றால் மரத்துக்கு இருபது விநாடி சொச்சம். அவசரப்படாமல் ஒரு மங்கள வார்த்தை சொல்ல ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"அப்ப மனசு அமைதியா இருக்கும், இல்லையா பெரியம்மா?"

"அமைதியா? கொசு கடிக்கும். காலுக்குக் கீழ பாம்பு கெடக்கான்னு பாக்கணும். சின்னவளுக்கு ஸ்கூல் பீஸ் கட்டலையே, அந்த மண்டோர் இப்படிப் பேசிட்டானேன்னு என்னென்னமோ ஓடும். ஓடட்டும். மரம் வந்தா திரும்பி வந்துரும்."

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு ஜான் மெயின் நினைவு வந்தது. ஐரிஷ் வம்சத்து ஆங்கிலேயர். 1950-களின் நடுவில் பிரிட்டிஷ் அரசு ஊழியராக மலாயாவுக்கு வந்தவர். வேலை நிமித்தமாகக் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்துக்குப் போனார். சுவாமி சத்தியானந்தா தொடங்கி, அவர் 1961-இல் மறைந்தபின் அன்னை மங்களம் 2023-இல் தாம் கண்மூடும்வரை கட்டிக்காத்த அந்த ஆசிரமத்தை நம்மில் பலருக்கு ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லமாகத்தான் தெரியும். சுவாமியிடம் மெயின் தியானம் கற்றார்: காலையும் மாலையும் அரை மணி, ஒரே சொல், மனம் எங்கே ஓடினாலும் அந்தச் சொல்லுக்குத் திரும்பு. நீ கிறிஸ்தவன், ஆகவே கிறிஸ்தவச் சொல்லாகவே எடுத்துக்கொள் என்பது சுவாமியின் நிபந்தனை. ஊருக்குத் திரும்பி 1959-இல் பெனடிக்ட் சபைத் துறவியாகச் சேர்ந்தபோது, இது நம் வழக்கம் இல்லை, விட்டுவிடு என்றார்கள். விட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து ஜான் கசியன் எழுதியவற்றில் அதே முறையைக் கண்டுபிடித்தார். நான்காம் ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவிகளோடு வாழ்ந்து, அவர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி செபித்ததைக் குறித்துவைத்தவர் கசியன். மெயின் 1982-இல் இறந்தார். அவர் மறுபடி தொடங்கிவைத்த தியானம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. 'மாரநாதா' என்ற அரமேயச் சொல்லைத்தான் பெரும்பாலோர் வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டவரே வாரும் என்று கூப்பிடும் சொல், திருவருகைக் காலத்துக்கே உரியது.

மேல்நாட்டார் புத்தகங்களும் கருத்தரங்குகளுமாகக் கொண்டாடும் இந்த முறையின் ஒரு வேர் கோலாலம்பூரில், சுவாமி ஒருவரிடம் இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, ஒளிப்பானேன். ஆனால் அதே ஐம்பதுகளில் கெடாவின் கித்தாக் காடுகளில், எந்தக் கசியனையும் படிக்காமல், சம்பளத்துக்கு வெட்டிக்கொண்டே பெண்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை யாரும் எழுதிவைத்த மாதிரித் தெரியவில்லை. அரை மணி ஒதுக்கி உட்காருவதற்கு முதலில் அரை மணி கையில் இருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். தோட்டத்து அமைதி என்று உருகி எழுதுவது எளிது, அதில் பாதி பொய். அந்தக் காடுகளில் வேறு மௌனங்களும் இருந்தன. 1942-க்குப் பிறகு ஜப்பானியர் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப்போன ஆண்களில் திரும்பாதவர்கள் பல்லாயிரம். பெரியம்மாவின் தாத்தாவும் அதில் ஒருவர், அவர் பெயரை வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. போர் முடிந்து, பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பிக் கள்ளுக்கடை முன் மறியல் செய்தபோது, கேட்டது கூலியும் மரியாதையும். 1947 ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் தொழிலாளி ஒருவர் இறந்தார். துரை முன்னால் வாய் பொத்தி நின்றதும் அமைதியாகத்தான் இருந்தது. சமாதானம் உங்களோடு இருப்பதாக என்று பூசையில் சொல்லிக்கொள்ளும்போது, அந்தப் பொத்திய வாயை நினைத்தால் எனக்கு உறுத்தும். பெரியம்மாவிடம் இதையும் கேட்டேன். செபம் சொல்லிச் சொல்லியே அடங்கிப்போய்விட்டோம் என்று தோன்றவில்லையா?

அவருக்குக் கோபம் வந்தது. "அடங்கிப்போனவளா நானு? கிராணி நிறுவையில ஏமாத்துனப்ப பால் வாளியோட தொரை பங்களாவுக்கே போனவ. சங்கத்துல சந்தா கட்டுனவ." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அன்னைக்குப் போறப்பவும் சொல்லிக்கிட்டேதான் போனேன்" என்றார்.

அந்தக் காலத்தில் வெட்டி முடித்துப் பால் எடுக்கும் வரை ஒரு இடைவெளி கிடைக்கும். பால் சொட்டி நிற்க இரண்டு மூன்று மணி ஆகும். அதற்குள் மர நிழலில் உட்கார்ந்து பசியாறுவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள். பிறகு காண்டாவில் வாளிகளை மாட்டிக்கொண்டு மரம் மரமாகப் பால் எடுத்து ஸ்டோருக்கு ஓட வேண்டும். இப்போது சிறுதோட்டங்களில் யாரும் தண்ணிப்பால் எடுப்பதில்லை. மங்கிலேயே உறையவிட்டு, சில நாள் கழித்துக் கட்டிப்பாலாகப் பொறுக்கிக்கொள்கிறார்கள். வேலை குறைந்தது, அந்த இடைவெளியும் போய்விட்டது. எட்டு மணிக்கெல்லாம் நாங்கள் வீட்டில் இருந்தோம். கொல்லையில் அவருடைய மருமகள் வாழையிலை நறுக்கிக்கொண்டு, "அத்தே, மட்டன் ரெண்டு கிலோ பத்துமா?" என்று கத்தினாள்.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. ஜொகூர்பாருவிலிருந்து மூத்த மகன், சிங்கப்பூரிலிருந்து மகள், இரண்டு காடி நிறையப் பேரப்பிள்ளைகள். நெடுஞ்சாலையில் பத்து மணி நேரம் நகர்ந்து வந்த கதையை ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். அச்சு முறுக்கு ஒரு பக்கம், குடிலுக்கு வைக்கோல் கிடைக்காமல் தென்னம்பஞ்சு ஒட்டிய ரகளை ஒரு பக்கம். இரவுப் பூசைக்கு யார் எந்தக் காடியில் என்று பிரிப்பதற்கே அரை மணி. பதினோரு மணிக்குக் கேரலிங் குழு ஒன்று வழிதவறி வந்து கதவைத் தட்டியது. "இந்நேரத்துக்கா வருவாங்க, நீங்கதான் மூணு ராஜாக்களா?" என்று பெரியம்மா வாசலிலேயே போட்டுத் தாளித்துவிட்டு, எல்லோருக்கும் கோப்பி கலக்கிக் கொடுத்தார். அந்தச் சந்தடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாந்த சொரூபியாக எல்லாம் இல்லை. எரிந்து விழுந்தார், வேர்த்து வழிந்தார், மகளிடம் இரண்டு தடவை சண்டை. ஆனால் இஞ்சி இடிக்கும்போது உதடு அசைந்தது. இடிக்கு ஒன்று இருக்காது, அவ்வளவு வேகத்தில் செபம் போகாது. கேட்கவில்லை, சும்மாவே என்னை வெங்காயம் உரிக்க வைத்திருந்தார்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் வீடு திறந்த இல்லம். அக்கம்பக்கத்து மலாய்க் குடும்பங்களுக்குத் தனிச் சமையல், கோழி ஹலால் கடையிலிருந்து. முன்னாள் தோட்டத்து ஆட்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரியின் மகன் தட்டு நிறையப் பழத்தோடு வந்தார். ஒரு மணிக்குப் பிஸ்கட் டின்னோடு தவுக்கே வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டுக்கொண்டே மலாயில் விஷயத்தைப் போட்டார்: கட்டிப்பால் விலை கட்டுபடியாகவில்லை, வரும் வருடம் மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு மூசாங் கிங் டுரியான் வைக்கப்போகிறார். பெரியம்மா விரும்பினால் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம், சம்பளம் தருகிறேன் என்றார்.

பெரியம்மா கரண்டியைப் பிடித்தபடி யோசித்தார். "டுரியான் ஏக்கருக்கு எத்தனை மரம்?" என்று மலாயில் கேட்டார்.

"நாப்பதுக்கு மேல வைக்க முடியாது."

என் பக்கம் திரும்பித் தமிழில், "மூணு ஏக்கருக்குக் கணக்கு பாருங்க தம்பி" என்றார்.

"நூத்தி இருபது."

"இப்பவே ஒரு நாளைக்கு முந்நூறுக்குக் கொஞ்சம் கம்மிதான் வெட்டுறேன். இதுல பாதிக்கு மேல போயிருமே."

நண்பனுக்கு விஷயம் புரிந்து சிரித்துவிட்டான். "அப்ப விழுற பழத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்குங்க பெரியம்மா."

"டுரியான் ராத்திரியில விழும்டா. எந்திரிச்சுப் போறது நீயா, உங்கப்பனா?" என்றபடி, ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்த தவுக்கேயின் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணியை வைத்தார்.